உள்ளறைச் சத்தம்

டீச்சர் வீட்டில் சத்தம் எப்போதும் உள்ளறையிலிருந்துதான் வர வேண்டும். மடிக்கணினி முன்னறை மேசைமேல் இருக்கும். ஆனால் அதிலிருந்தே சத்தம் வந்தால் அவருக்குப் பிடிக்காது. கைக்குள் அடங்குகிற ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை உள்ளறைக் கட்டில்மேல் வைத்து, கதவைப் பாதி சாத்தி வைத்திருப்பார். அந்தப் பாதிக் கதவு வழியாகச் சத்தம் வந்துகொண்டிருந்தால் டீச்சர் நிம்மதியாக இருப்பார். வராவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

“சத்தம் போயிடுச்சும்மா” என்பார்.

வேலை செய்யவில்லை, ரிப்பேர் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போயிடுச்சு, வந்துடுச்சு, வந்து வந்து போவுது, அவ்வளவுதான். பஸ்ஸில் வரவேண்டிய ஆளைப் பற்றிப் பேசுவதுபோலவே சத்தத்தைப் பற்றிப் பேசுவார்.

கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. கணக்கு ஆசிரியையாக எனக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. அவர் தமிழாசிரியை. நான் போனபோது அவர் மலைக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் மலையேறிய மறுநாளே கீழே போக மாறுதல் கேட்பவர்கள். அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். பள்ளிக்குப் பின்னால் ஆசிரியர் குடியிருப்பு. அதில் ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

முதல் சில வாரங்கள் அவர் பெரிய குடும்பக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்து நான் டீ போடும் நேரத்தில் சுவருக்கு அப்பால் சந்தடி தொடங்கிவிடும். குக்கர் விசில் அடிக்கும். ஒரு பிள்ளை அழும், இன்னொரு பிள்ளை நான் அடிக்கவில்லை என்று கத்தும். டி.வி. ஓடும். ஓர் ஆண்குரல் அடிக்கடி இருமும். நடுநடுவே மாடு கத்தும். காலையில் பார்த்தால் டீச்சர் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு வருவார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் “நாங்க அப்பவே சாப்ட்டோம்” என்பார். உறவுக்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், வெளியே வரக் கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் யாரிடமும் மாடு கிடையாது என்பது எனக்கு உறைக்கவே நாளாயிற்று.

கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்பது அவர் தீர்மானம். ஒரு சாயங்காலம், மலையில் மழை விட்டும் விடாமலும் இருந்தபோது, முதல்முறையாகக் கதவைத் தட்டினார். சத்தம் போய்விட்டதாம். போனேன். முன்னறையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டேன். உள்ளே கட்டில்மேல் இருப்பதாகச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தேன். விரிப்பு கலையாத கட்டில், நடுவே அந்தக் கறுப்பு ஸ்பீக்கர், வேறு யாரும் இல்லை.

கோளாறு சின்னதுதான். ஸ்பீக்கர் இணைந்துதான் இருந்தது. ஆனால் மடிக்கணினி அதைப் பாட்டுக் கேட்கிற கருவியாக எடுத்துக்கொள்ளாமல், போன் பேசுகிற கருவியாக எடுத்துக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, ஸ்பீக்கர் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேர்த்தேன். திரையின் மூலையில் இருந்த ஒலிக்குறியைத் தட்டி அதையே தேர்ந்தெடுத்தேன். உடனே உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல், “டேய், செருப்ப வாசல்ல வுட்டுட்டு வாடா” என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் முகம் மலர்ந்தது.

“வந்துடுச்சு” என்றார். “எங்க வூடுதாம்மா. நைனார்பாளையம்.”

அப்போதுதான் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று மனப்பாடச் செய்யுள் ஒன்றைத் தன் குரலில் போனில் பதிவு செய்திருக்கிறார். முடித்ததும் போனை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு வேலையாய்ப் போய்விட்டார். நிறுத்த மறந்துவிட்டார். போனில் இடம் தீர்ந்து தானாக நிற்கும்வரை அது அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாடு, அதற்குப் பின் எல்லாரும் படுத்துக் கிடந்த நேரம், சாயங்காலம் பிள்ளைகள் விளையாடியது, தம்பி களத்திலிருந்து வந்தது, ராத்திரிச் சமையல் எல்லாம். மலைக்குத் திரும்பியபிறகு செய்யுளைத் தேடிப் போட்டபோதுதான் தெரிந்ததாம். கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் அதை மடிக்கணினிக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரும் அதே கடையில் வாங்கியதுதான்.

ஸ்பீக்கரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே, நடுவே இவ்வளவு தடித்த சுவர் இருக்கிறதே என்றேன். வேண்டுமானால் நீளமான வயர் ஒன்று வாங்கி இணைத்துவிடலாம், வயருக்குக் கோளாறு வராது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“பக்கத்துல வச்சா டப்பா பேசற மாதிரி இருக்கும்மா. நான் இங்க இருந்து, சத்தம் அங்க இருந்தாத்தான் வூடு.”

அந்த அறைக்குள் சத்தம் ஓடும்போது அவர் போகவே மாட்டார். எடுக்க வேண்டிய பொருளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார். முன்னறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், கீரை ஆய்வார். உள்ளே குழந்தை வீறிட்டால் தலையைத் திருப்பிக் கதவைப் பார்ப்பார். பலமுறை கேட்ட அழுகைதான். ஆனாலும் திரும்பிப் பார்ப்பார்.

நான் அங்கே இருந்த காலமெல்லாம் அந்தச் சத்தத்தைக் கூட்டி வருவதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. ஒருமுறை மடிக்கணினி, காதில் மாட்டும் ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு வேறெங்கும் சத்தத்தை அனுப்ப மறுத்தது. எதுவும் செருகவில்லை. அந்தத் துளைக்குள் மலைப் புழுதி சேர்ந்திருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தேன். இன்னொருமுறை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தபோது ஒலிக்குறிமேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. ஒலிக்கான மென்பொருளை நீக்கிவிட்டு மடிக்கணினியை அணைத்து மறுபடி ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று படித்திருந்தேன். அப்படியே செய்தேன். அது அணைந்து எழும்வரை டீச்சர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்போல் நின்றார்.

எனக்கு வெகுநாள் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. தினமும் ஓட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். சார்ஜ் இருக்கும், இணைப்பும் இருக்கும். கோளாறு மடிக்கணினியிலா ஸ்பீக்கரிலா என்று பார்க்க, என் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இணைத்துப் பார்த்தேன். நானும் அதே கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கியிருந்தேன். அதுவும் அதே இடத்தில் அணைந்தது. அப்புறம்தான் புரிந்தது. தம்பி வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் தூங்குகிற நேரம் அது. பதிவில் அந்த நேரத்துக்குச் சத்தமே இல்லை. சத்தம் வராவிட்டால் யாரும் கேட்கவில்லை என்று எண்ணி ஸ்பீக்கர் தன்னை அணைத்துக்கொள்கிறது. அந்தத் தூக்கத்தைத் தாண்டி சாயங்காலத்திலிருந்து ஓட்டுங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது சம்மதமில்லை. அவர்கள் தூங்கும்போது தானும் கொஞ்சம் சாய்ந்துகொள்வதாகச் சொன்னார். கடைசியில், வீடு விழித்துக்கொள்ளும் நேரத்தில் அவரே எழுந்து போய் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

பள்ளியிலும் அவர் அப்படித்தான். மற்ற வகுப்புகளில் “சத்தம் போடாதே” என்ற அதட்டல்தான் அதிகம் கேட்கும். அவர் வகுப்பு சந்தைபோல் இரையும். மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், பேச்சே எழாமல் முதல் மாதம் சுருண்டு கிடப்பார்கள். அவர் வகுப்பில்தான் முதலில் வாய் திறப்பார்கள். தலைமையாசிரியர் ஒருநாள் ஆசிரியர் கூட்டத்திலேயே இதைக் குறையாகச் சொன்னார். டீச்சர் கோபப்படவில்லை. “சத்தம் போட்டாத்தான் சார் யார் யார் இருக்காங்கன்னு தெரியும்” என்றார். தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அவருடைய கதையை வரிசையாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள், ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டார் என்று சமையற்காரம்மா ஒருமுறை சொன்னார். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது தான்தான் என்று அவரே ஒருமுறை சொன்னார். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. பரீட்சை முடிந்து விடுதிப் பிள்ளைகள் பெட்டியும் பையுமாகத் தத்தம் ஊர்களுக்கு நடக்கிற நாளில், கடைசிப் பிள்ளை சரிவில் மறையும்வரை பள்ளி கேட் அருகே நிற்பார். அன்று மட்டும் சுவருக்கு அப்பால் சத்தம் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை என் வீட்டில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து போனைக் கீழே வைத்தேன். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. திடீரென்று அதிலிருந்து குக்கர் விசில் அடித்தது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம். என் அறைக்குள், என் அலமாரிமேலிருந்து, நைனார்பாளையத்து வீடு பேசத் தொடங்கியது. டீச்சரின் ஸ்பீக்கர் சார்ஜ் இல்லாமல் நின்றிருக்க வேண்டும். முன்பு சோதித்துப் பார்க்க நான் இணைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் மடிக்கணினி சுவர் தாண்டி என் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

எழுந்து அணைத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நாள் சுவருக்கு அப்பால் கலங்கலாகக் கேட்டது இப்போது தெளிவாகக் கேட்டது. கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். யாரோ கொல்லைக் கதவைத் திறந்து மூடினார்கள். வழக்கமாக இருமுகிற அந்த ஆண்குரல் பக்கத்தில் வந்தது. தணிந்த குரல்.

“அக்கா எப்ப கெளம்புதாம்? அந்த ரூம்ல மூட்டைங்கள அடுக்கணும்.”

“நான் எப்பிடி கேக்கறது? நீங்களே கேளுங்க” என்றது பெண்குரல்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. மறுபடி குக்கர் விசில். நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அணைத்த கையோடு கதவு தட்டப்பட்டது. டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கை ஈரமாக இருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“உன் வூட்டுக்கு வந்துடுச்சா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“எதுவரைக்கும் கேட்ட?”

எல்லாம் கேட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்ல அவர் முகம் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது தான் கொல்லையில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தம்பி கெட்டவன் இல்லை, மழை வருகிற மாதிரி இருந்தது, அதனால் கேட்டான் என்றார். பிறகு, ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார்:

“அந்த எடம் வரப்ப நான் அரிசி களைஞ்சிகினு இருப்பேம்மா. தண்ணி சத்தத்துல கேக்காது.”

அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் டீச்சர், எளிதுதான், நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதை வெட்டினால் தம்பியின் பேச்சே இருக்காது, மற்ற நேரமெல்லாம் அவன் இருமிக்கொண்டுதான் இருக்கிறான் என்றார். சரி, என் ஸ்பீக்கரையாவது உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். “இருக்கட்டும். உனக்குந்தான் கேக்கட்டுமே” என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு என்னவோபோல் இருந்தது. தன்னிடமிருந்த ஒரே வீட்டில் எனக்கும் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

அந்த வருடக் கோடையில் தம்பி இறந்துபோனார். களத்தில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. டீச்சரின் போனுக்கு அப்போது சிக்னல் இல்லை. பள்ளி அலுவலகத்துக்கு வந்த தகவலை அலுவலக உதவியாளர்தான் ஓடிவந்து சொன்னார். நான் அவரோடு வெள்ளிமலைவரை போய் பஸ் ஏற்றிவிட்டேன். காரியமெல்லாம் முடிந்துதான் திரும்பினார். வந்த அன்று மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாததுபோல் இருந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. நான் சும்மாவேனும் போய்க் கதவைத் தட்டி, உப்பு கேட்டு, சர்க்கரை கேட்டு நின்றேன்.

ஒருநாள் அவரே சொன்னார். தம்பி மனைவி ஊரிலிருந்து வருகிறாளாம். காரியத்தன்று அவள் ஒரே சொல்லைச் சொல்லி அழுதிருக்கிறாள். போட்டோ எவ்வளவோ இருக்கிறது, குரல் ஒன்றும் இல்லையே என்று. தம்பி போனில் குரல் பதிவு செய்து அனுப்புகிற ஆள் இல்லை. எந்தக் கல்யாண வீடியோவிலும் பேசியதில்லை. அந்த அழுகையைத் தாங்க முடியாமல் டீச்சர் வாய் தவறி, தன்னிடம் அந்த வீட்டுச் சத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இப்போது அதைக் கேட்க வருகிறார்கள்.

“இன்னா பண்றதுன்னு தெரியலம்மா. நீ கூட இரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். தம்பி மனைவியும் அவள் மகனும். மகன் படித்து முடித்துவிட்டு அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன். மலைப் பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து அந்தம்மா சோர்ந்துபோயிருந்தார். ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல், “எங்க அண்ணி அது?” என்றுதான் முதலில் கேட்டார். டீச்சர் உள்ளறையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து வந்தார். அவர் அதை முன்னறைக்குக் கொண்டுவந்து நான் பார்த்தது அப்போதுதான். தம்பி மனைவியின் மடிக்கு அருகே, பாயில் வைத்தார். அந்தம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார், ஒரு பிள்ளையின் முதுகில் வைப்பதுபோல.

டீச்சர் பதிவை ஓடவிட்டார். திரையில் கோடு நகர்ந்தது. சத்தம் வரவில்லை.

சற்றுப் பொறுத்து மகன் குனிந்து பார்த்தான். ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். “ஸ்பீக்கர் போயிடுச்சு போல அத்த. பரவால்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்றான். அந்தம்மா கையை எடுக்கவில்லை.

அப்போது சுவருக்கு அப்பால், பூட்டிய என் வீட்டுக்குள், லேசாக ஒரு குக்கர் விசில் கேட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவர்கள் வந்ததும் என் ஸ்பீக்கரை அணைக்காமலே ஓடிவந்திருந்தேன். சத்தம் அங்கே போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு அது யாரோ அக்கம்பக்கத்துச் சமையல். டீச்சருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா, அது நான் முடிவு செய்கிற காரியமில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். ஸ்பீக்கர் கெட்டுப்போனதென்று அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்பார்கள். அந்த வீட்டில் தன்னைப் பற்றிச் சொன்னது தன்னோடே போயிருக்கும்.

அவர் எழுந்து மேசைக்குப் போனார். மூலையிலிருந்த ஒலிக்குறியைத் தட்டினார். ஒரே பெயரில் இரண்டு ஸ்பீக்கர்கள் தெரிந்தன. தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தார். நான் எத்தனையோ தடவை செய்து காட்டியும், பயந்து என்னிடமே விட்டுவிடுகிற வேலை அது. அன்று தானே செய்தார்.

பாயிலிருந்து சத்தம் வந்தது. பிள்ளைகள் சண்டை, டி.வி., மாடு. அந்தம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். இருமல் வந்தது. “அப்பா” என்றான் மகன். மறுபடியும் வெறும் பாத்திரச் சத்தம்.

“பேசுறாரா அண்ணி?” என்று கேட்டார் அந்தம்மா.

டீச்சர் கோட்டை நகர்த்தினார். தேடவே இல்லை, நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். கொல்லைக் கதவு திறந்து மூடியது.

“அக்கா எப்ப கெளம்புதாம்? அந்த ரூம்ல மூட்டைங்கள அடுக்கணும்.”

அந்தம்மாவின் உடம்பு முழுதும் ஒரு குலுங்கு குலுங்கியது. தொடர்ந்து அவருடைய குரலே வந்தது, நான் எப்பிடி கேக்கறது என்று. அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி வைங்க அண்ணி.”

டீச்சர் வைத்தார். முடிந்ததும் அந்தம்மா கண்ணைத் திறக்காமலே விரலால் சைகை காட்டினார். மறுபடி வைத்தார். அக்கா எப்ப கெளம்புதாம். மறுபடி. மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். டீச்சர் ஒவ்வொரு முறையும் கோட்டைப் பின்னுக்கு நகர்த்தி, அந்தக் கதவுச் சத்தத்திலிருந்தே தொடங்கிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மடிக்கணினிமேல் இருந்த அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அந்தம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எந்த மூட்டைய சொல்றாரு? மக்காச்சோளமா?”

“மக்காச்சோளந்தான்” என்றார் டீச்சர். “அந்த வருஷம் நல்ல வெளச்சல் இல்ல?”

“ஆமாங்கண்ணி. வைக்க எடமே இல்லாம போச்சு” என்று சொல்லிவிட்டு அந்தம்மா மறுபடி அழுதார்.

மகன், அப்பா பேசுகிற அந்தத் துண்டு மட்டும் வேண்டும் என்று கேட்டான். நான்தான் வெட்டிக்கொடுத்தேன். அவன் அம்மாவின் பதிலை விட்டுவிட்டு, அப்பாவின் குரல் மட்டும். அவன் போனுக்கு அனுப்பும்போது டீச்சர் அடுப்படியில் சாதம் வடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டார்கள். மத்தியான பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். அந்தம்மா வாசலில் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் அவர் குரலைக் கேட்டேன் என்றார். டீச்சர் பாதைவரை போய் அனுப்பிவிட்டு வந்து, பாயைச் சுருட்டினார். ஸ்பீக்கரைச் சார்ஜில் போட்டார். நான் இருக்கட்டுமா என்று கேட்டேன். “போம்மா, நீயும் காலையிலிருந்து நின்னுகினே இருக்க” என்றார்.

அடுத்த கல்வியாண்டில் எனக்குக் கீழே மாறுதல் கிடைத்தது. இப்போது எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். என் இடத்துக்கு மலையில் யாரும் வரவில்லை என்றும், சுவருக்கு இந்தப் பக்க வீடு பூட்டியே கிடப்பதாகவும் கேள்விப்பட்டேன். எப்போதாவது போனில் கூப்பிடுவேன். சிக்னல் கிடைத்தால் பேசுவார். நான் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன், அவர் என் சமையலைப் பற்றிக் கேட்பார்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அந்த இளைஞனைப் பார்த்தேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு பேச வந்தான். அம்மா பரவாயில்லை என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் சத்தமாகக் கேட்டது.

“அக்கா எப்ப கெளம்புதாம்?”

நான் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தேன். பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கூச்சத்தோடு சிரித்தான். போனை எடுத்துத் திரையைக் காட்டினான். டீச்சர்தான் கூப்பிடுகிறார்.

“அப்பா அக்கான்னு சொல்றாரில்ல டீச்சர். அதான் அத்தைக்கு மட்டும் இத ரிங்டோனா வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்.”

அப்பாவின் குரல் திரும்பத் திரும்ப அதையே கேட்டது. மலையில் எந்தப் பாறைமேல் ஏறி நின்று அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். நின்றுவிடப் போகிற நேரத்தில் அவன் எடுத்தான். பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், எப்போது வருகிறீர்கள் அத்தை என்று கேட்டான். அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவன் சரி சரி என்று வைத்தான்.

“வெள்ளிக்கெழம வராங்களாம். சனிக்கெழம மொத பஸ்சுக்குக் கெளம்பிடுவாங்களாம்” என்றான். “எப்பவும் இப்பிடித்தான் டீச்சர். வரதுக்கு முன்னாடியே கெளம்பறத சொல்லிடுவாங்க. இருந்துட்டுப் போங்கன்னா கேக்கறதில்ல. அந்த மலையில அப்பிடி இன்னா வேலை அவங்களுக்கு?”

என் பஸ் வந்து நின்றிருந்தது. ஏறுவதற்கு எல்லாரும் முண்டினார்கள்.

“பசங்க தேடுவாங்க இல்லப்பா” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.